பொன்னுலிங்கம் சாரின் வலது கை

என் அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிவிட்டு வைத்த பிறகு, கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ சந்தோஷமாகத்தான் பேசினாய். அடுத்த மாதம் ஹைதராபாத்தில் உனக்கென்று ஒரு ஆய்வுக்கூடம், கதவில் உன் பெயர், உன்னை நம்பி வரப்போகிற மாணவர்கள். எல்லாம் சொன்னாய். நடுவில் இன்னொன்றும் சொன்னாய். இப்போது நீ பழக்கிக்கொண்டிருக்கும் அந்த அசாம் பெண், செல் வளர்க்கிற தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கெடுத்துவிடுகிறாள் என்று. "கடைசியில அவ கையிலேர்ந்து பிப்பெட் குழாயை வாங்கி நானே செஞ்சு முடிச்சிட்டேம்மா. அரை மணி நேர வேலை. அவளுக்குச் சொல்லிக்குடுக்கப் போனா அரை நாள் போயிடுது" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். ரயிலில் போகும்போது சாவகாசமாகப் படி.

நான் பம்பாயில் ஆராய்ச்சி செய்தவள் என்பது உனக்குத் தெரியும். அங்கே போவதற்கு முன்னால் தூத்துக்குடியில் எனக்கு என்ன நடந்தது என்று உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்பதைவிட, கேட்க உனக்குக் காரணம் இல்லை என்பதுதான் சரி. இப்போது காரணம் வந்திருக்கிறது.

எழுபதுகளின் முதல் பாதி அது. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்த காலம். கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன ஆய்வுக்கூடம் இருந்தது. ஓட்டுக் கட்டடம், பின்னால் கடல்நீர்த் தொட்டிகள், வாசலில் ஒரு பூவரச மரம். மற்ற அறைகளில் மீன், இறால் என்று வேலை நடக்கும். கடைசி அறை மட்டும் செல்லுக்கு. முத்துச்சிப்பியின் ஓட்டுக்குள்ளே உடம்பைப் போர்த்தினாற்போல ஒரு மெல்லிய சதை மடல் இருக்கிறது அல்லவா, ஓட்டையும் முத்தையும் உண்டாக்குவது அந்த மடலின் செல்கள்தான். அவற்றைச் சிப்பிக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் உயிரோடு வைத்துப் பார்க்க முடியுமா என்பதுதான் அந்த அறையின் கேள்வி. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். உன் தாத்தா கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். அவரிடம் வேலையை விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சிப்பி கடல்ல உயிரோடதானளா கெடக்கு? அதை வெட்டிட்டு, பெறகு உயிரோட வைக்கதுக்கா உனக்குச் சம்பளம்?" என்றார். அந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்திலும் போய்ச் சொன்னேன். கேட்டாரே தவிர, தாத்தா தடுக்கவில்லை. நல்ல சம்பந்தம் வருகிற வரைக்கும் பிள்ளை ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

அந்த அறைக்குப் பொறுப்பு டாக்டர் பொன்னுலிங்கம். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். கல்லூரிக்குப் போகும்வரை கடலையே பார்த்ததில்லை என்று அவரே சொல்லுவார். ஒல்லியான ஆள், அதிர்ந்து நடக்க மாட்டார். அவர் கையைப் போல ஒரு கையை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்த ஒரு கூண்டுதான். காற்றில் இருக்கும் கிருமி தட்டில் விழாமல் இருக்க, அதற்குள் கையை நுழைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். ஃபேன் போடக் கூடாது. முழங்கையிலிருந்து வேர்வை சொட்டும். அவர் அந்தக் கூண்டுக்குள் கையை விட்டு, மடலைக் கடுகை விடச் சின்னத் துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்புவதைப் பார்த்தால் பூக்கட்டுகிற மாதிரி இருக்கும். அவர் வெட்டிய துண்டுகளில்தான் ஏதோ சில நாள் செல்கள் பிழைத்துக் கிடந்தன. அப்புறம் பூஞ்சையோ பாக்டீரியாவோ வந்து தட்டு கலங்கிவிடும்.

மாணவர்கள் நாங்கள் இரண்டு பேர். எனக்கு முன்னால் சேர்ந்தவர் காயல்பட்டினத்துச் செய்யது. அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அவரைச் செய்யது காக்கா என்றுதான் கூப்பிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சிப்பியின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கைத் தேய்த்தோம், கடல்நீரை வடிகட்டினோம், கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கழுவிக் காய வைத்தோம். வெட்டுகிற வேலை சாருடையது. ஒரே ஒரு முறை என்னை உட்காரச் சொன்னார். நான் இடுக்கியைப் பிடித்த விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. திட்டவில்லை. என் கையிலிருந்து இடுக்கியை மெதுவாக வாங்கிக்கொண்டு, "நீ தள்ளும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை, இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். படகு போனால்தான் சிப்பி வரும், காற்று பலமாக அடித்தால் படகு போகாது. கிடைத்த சிப்பி கெட்டுவிடக் கூடாதே என்கிற பயம் அவருக்கு. எனக்கும் அப்போது அவமானமாக இல்லை. நிம்மதியாக இருந்தது! நான் கெடுக்கவில்லை, அவர் பார்த்துக்கொள்வார். அந்த நிம்மதிதான் மோசமானது என்று பிறகு தெரிந்தது. மெல்ல மெல்ல, நான் கண்ணாடி கழுவ மட்டும் லாயக்கானவள் என்று யாரும் சொல்லாமலே நம்ப ஆரம்பித்துவிட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செய்யது காக்காவுக்குத் துபாயில் மாமா இருந்தார். அங்கே ஒரு கடையின் குடோனில் கணக்கு எழுதுகிற வேலைக்கு விசா வரப்போகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். படித்த படிப்பென்ன, போகிற வேலையென்ன என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை, பார்த்துக்கொள்.

அப்போதுதான் டெல்லியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று தகவல் வந்தது. செல் அறையால் பிரயோஜனம் உண்டா, இல்லை மூடிவிட்டு மீன் பிரிவோடு சேர்த்துவிடலாமா என்று அவர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். சார் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே திரும்பக் கொண்டுபோவார். ஒரு நாள் சிப்பி வாங்க அவரே படகில் போனார். திரும்பி வந்து கரையேறும்போது கூடையை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு, பாசி பிடித்த கல்படியில் கால் வைத்தார். வழுக்கியது. கூடை விழக் கூடாது என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தார், உடம்பு முழுக்க வலது கை மேல் இறங்கியது. மணிக்கட்டில் எலும்பு முறிந்துவிட்டது. நானும் செய்யது காக்காவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் கேட்டது, "சிப்பியைத் தொட்டியில விட்டாச்சா?"

மறுநாளே அவர் வந்துவிட்டார். வேறு வழி இல்லை. என்னைக் கூண்டுக்கு முன்னால் உட்கார வைத்தார், என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வேர்க்கிறது. "இடது பக்கம். இல்ல, இல்ல, உன் இடது. அழுத்தாத! ஏன் அழுத்துத? கண்ணைத் தட்டுல வையி." நான் ஒரு துண்டு வெட்டுவதற்குள் அவர் மூச்சு இரண்டு முறை நின்று வரும். கட்டுப்போட்ட கை அவரை அறியாமல் என் பக்கம் நீளும். நான் வெட்டியது எல்லாம் நசுங்கியது. இரண்டு நாளில் தட்டுகள் எல்லாம் கலங்கின. செய்யது காக்கா உட்கார்ந்தார். அவருக்கும் அதே கதி. அடுத்த படகுச் சிப்பியும் போயிற்று. ஒரு மத்தியானம் என் இடுக்கி இடித்துத் தட்டே கவிழ்ந்துவிட்டது. சார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு கூண்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்காமல் இருந்தேன், எடுத்தால் முகத்தைத் துடைக்க வேண்டியிருக்குமே என்று.

அப்போது செய்யது காக்கா பேசினார். "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லு."

"நீங்க உள்ள நிக்கிற வரைக்கும் இந்தப் பிள்ளைக்குக் கை நிலைக்காது. எனக்கும் நிலைக்காது. நீங்க வெளிய இருங்க சார்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் லேபுலேர்ந்து என்னையவே வெளிய போகச் சொல்லுதியா?"

"ஆமா சார்."

விசா வரப்போகிற தைரியத்தில்தான் பேசினேன் என்று காக்கா பிறகு சொல்லிச் சிரித்தார். ஆனால் அந்த நிமிஷம் அவர் உதடு காய்ந்து போயிருந்ததை நான் பார்த்தேன். சார் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். காலையில் நான் போனபோது பூவரச மரத்தடியில் ஒரு நாற்காலி கிடந்தது. சார் அதில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கேட்டா சொல்லுதேன். கேக்கலைன்னா சொல்ல மாட்டேன். போ" என்றார். குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் அவர் அந்த நாற்காலியில்தான் இருந்தார், உள்ளே வரவில்லை.

அன்றைக்கு வெட்டியதும் கெட்டுத்தான் போயிற்று, மகனே. ஒருவர் வெளியே போனதும் இன்னொருவருக்குக் கை வந்துவிடாது. ஆனால் இந்த முறை கெட்டது என்னுடையது. ஏன் கெட்டது என்று யோசிக்க எனக்கு இடம் இருந்தது. மரத்தடிக்குப் போய், "சார், மறுபடியும் கலங்கிட்டு" என்றேன். "ஏன்னு நீ என்ன நினைக்க?" என்று கேட்டார். சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. "தெரியல சார்" என்றேன். "தெரியலைன்னா போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். பார்த்தேன். ஒவ்வொரு தட்டாக மைக்ராஸ்கோப்பில் வைத்து, கலங்கல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தேன். மூடியின் ஓரத்திலிருந்து வரவில்லை. சதைத்துண்டின் அடியிலிருந்தே கிளம்பியது. அப்படியென்றால் காற்றிலிருந்து வரவில்லை, சிப்பியே உள்ளே கொண்டுவருகிறது. கடலின் சேறும் கிருமியும் அந்த மடலின் மடிப்புகளுக்குள் இருக்கின்றன. வெட்டுவதற்கு முன்னால் சிப்பியைச் சில நாள் சுத்தமான நீரில், இரை போடாமல், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிற தொட்டியில் வைத்தால் என்ன? இதைச் சொன்னதும் சார் இல்லை என்று தலையை ஆட்டினார். கடலிலிருந்து வந்த அன்றே வெட்ட வேண்டும், பட்டினி கிடந்த சிப்பியின் செல் பலவீனமாகிவிடும் என்பது அவர் எண்ணம். அதை வைத்துத்தான் அத்தனை நாளும் வேலை செய்திருந்தார்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்ல" என்றார். "ஆனா நீ செஞ்சு பாரு. வந்த சிப்பில பாதியை எடுத்துக்க. மிச்சத்தை என் வழிப்படி செய்யி. அப்பதான் எது சரின்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்."

அந்தப் பாதிச் சிப்பியை நான் சாகக் கொடுத்தேன். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், கரண்ட் போய் நின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தால் எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. நாற்றம் வாசல் வரை வந்தது. குழு வருவதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு படகுதான் போக முடியும், அப்புறம் காற்றுக் காலம். சாரிடம் போய்ச் சொன்னேன். இனி அவர் வழிதான், இடுக்கியும் திரும்பப் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் கேட்டது வேறு. "சிப்பி செத்தது கரண்டாலயா, உன் யோசனையாலயா?"

"கரண்டால சார்."

"அப்ப உன் யோசனையை நாம இன்னும் பாக்கவே இல்லியே. அடுத்த படகுலயும் பாதி உனக்குத்தான்."

மகனே, என் வாழ்க்கையில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது பாதியைப் போல ஒன்றை யாரும் கொடுத்ததில்லை. முதல் பாதியை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். ஒருத்தி ஒன்றைச் சாகக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து நிற்கும்போது, தன் அறையே மூடப்போகிற நேரத்தில், தனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு யோசனைக்கு மறுபடியும் கொடுப்பது சாமானியக் காரியம் இல்லை. அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். சொன்ன பிறகு இடது கையால் அந்தக் கட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம்தான்.

கரண்டை நம்ப வேண்டாம் என்று செய்யது காக்கா முடிவு செய்தார். எங்கிருந்தோ இரண்டு பழைய பீப்பாய்களைக் கொண்டுவந்து கழுவி, செங்கல் அடுக்கி உயரத்தில் ஏற்றி வைத்தார். ரப்பர் குழாயில் வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறக்கினார். மணலும் பஞ்சும் அடைத்த ஒரு மண்பானை வழியாக நீர் வடிந்து, நூல் போலத் தொட்டிக்குள் விழுந்தது. குழாய் முனையில் ஒரு கிளிப்பை மாட்டி, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விடலாம் என்று செய்து காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிற ஆள், அந்தப் பீப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார். சார் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து, அந்தக் குழாயை வெகு நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

சிப்பிகள் பிழைத்தன. நான் வெட்டினேன். அதற்குள் என் கைக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. சார் வெட்டுகிற மாதிரி இல்லை, என்னுடைய விதத்தில், கொஞ்சம் மெதுவாக. சார் வழியில் செய்த தட்டுகள் வழக்கம்போலக் கலங்க ஆரம்பித்தன. என் தட்டுகள் தெளிவாகவே இருந்தன. ஒரு காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன், சதைத்துண்டின் ஓரத்திலிருந்து செல்கள் வெளியே வந்திருக்கின்றன. முதலில் தனித்தனியாகத் திரிகிற சில. அவற்றுக்குப் பின்னால், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, தரையில் ஓடு பாவினாற்போல ஒரு கூட்டம், கண்ணாடி மேல் பரவிக்கொண்டு வருகிறது. சிப்பி இல்லை, கடல் இல்லை, ஆனால் அவை அங்கே உயிரோடு தம் பாட்டுக்கு இருந்தன. வெளியே ஓடினேன். "சார், வாங்க சார்!" அவர் வந்து ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். நிமிரவே இல்லை. செய்யது காக்கா என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கடைசியில் சார் நிமிர்ந்து, "உங்க அப்பா ஊர்ல இருக்காரா?" என்று கேட்டார். இல்லை, கொழும்புக்குப் போயிருக்கிறார் என்றேன். "வந்ததும் கூட்டிட்டு வா. அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாருல்ல, அவருக்கு இதைக் காட்டணும்" என்றார்.

குழு வருவதற்குள் சாரின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். பிரித்த மறுநாள் காலை அவர் உள்ளே வந்ததும் நானாகவே எழுந்துகொண்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மடக்கி நீட்டிப் பார்த்து, கூண்டுக்குள் விட்டு ஒரு துண்டு வெட்டினார். பழைய மாதிரியே, பூக்கட்டுகிற மாதிரி. அதைப் பார்த்துவிட்டு இடுக்கியைக் கீழே வைத்தார். எழுந்து, "உக்காரு" என்றார். அதோடு அந்த ஸ்டூலில் அவர் உட்காரவில்லை. எளிதாக இருந்திருக்காது. நான் வேலை செய்யும்போது உள்ளே வருவார். கை துறுதுறுக்கும். இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏதாவது கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால் போய்விடுவார். நன்றாகச் செய்கிற கை ஒன்று சும்மா இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று நான் அப்போதுதான் பார்த்தேன்.

குழுவில் வந்தவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். தலைவர் கேள்விகளைச் சாரைப் பார்த்துத்தான் கேட்டார். சார், "அதை இவங்ககிட்ட கேளுங்க, செய்தது இவங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும், பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டி ஒட்டித்தான் சொன்னேன். காட்டுவதற்கு எடுத்து வைத்த தட்டுகளில் ஒன்றில் அன்றைக்கென்று பூஞ்சை. மறைக்கவில்லை, "இது கெட்டுவிட்டது, ஏன் என்று இன்னும் தெரியவில்லை" என்றேன். தலைவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். அறையை மூடவில்லை. கேட்டதை எல்லாம் தரவும் இல்லை. ஒரே ஒரு மாணவருக்குத்தான் இனி உதவித்தொகை என்று முடிவாகி வந்தது.

செய்யது காக்கா உடனே, "நான் போறேன் சார், எனக்குத்தான் விசா வருதே" என்றார். சார் அவரை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பேசினார். நான் தொட்டி பக்கம் நின்றதால் காதில் விழுந்தது. "விசா இருக்கட்டும். உனக்கு என்ன செஞ்சா நேரம் போறது தெரியல? அதைச் சொல்லு." காக்கா யோசித்து, "அந்தப் பீப்பா வேலை சார்" என்றார். சார் அவரை மெட்ராஸில் தனக்குத் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நோயாளிகளின் சதையை வெட்டிச் சாயம் ஏற்றி ஸ்லைடு போடுகிற கூடம் அது, அதன் கருவிகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. காக்கா அங்கே தொழில் படித்துவிட்டு, பிறகு துபாய்க்கே போனார். ஆனால் குடோனுக்கு இல்லை, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்துக்கு. அங்கே பல வருஷம் அவர்தான் அதற்குப் பொறுப்பு. ஆராய்ச்சியில் நில்லாத மாணவனைச் சார் தன் தோல்வியாக நினைக்கவில்லை. அவனுக்கு எது ஒத்துவரும் என்று கேட்டார். உன்னிடம் வருகிற எல்லோரும் உன்னைப் போல ஆக வேண்டும் என்று நீயும் நினைக்காதே. சிலருக்குக் கருவி பிடிக்கும், சிலருக்கு எழுத்துப் பிடிக்கும், சிலருக்குப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் பிடிக்கும். அதைச் சீக்கிரமே கேட்டுவிடு. அவர்கள் சொல்லப் பயப்படுவார்கள். இரண்டாம் முறையும் கேள்.

எனக்குப் பட்டம் கிடைத்த வருஷம், சார் பம்பாயில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் எனக்கு இடம் பேசி வைத்தார். உன் தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை, அவ்வளவு தூரம், யாரைத் தெரியும் அங்கே? சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். உன் பாட்டி கொடுத்த டீயை ஆற விட்டுவிட்டு, பம்பாய் ஆய்வுக்கூடம் பற்றி என்னென்னவோ சொன்னார். தாத்தா முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இவ இல்லாம உங்க வேலை ஓடுமா சார்?"

சார் பொய் சொல்லத் தெரியாதவர். "கஷ்டம்தான். ரொம்பக் கஷ்டம்."

"பெறகு எதுக்கு அனுப்புதிய?"

"இங்கனயே இருந்தா எனக்குத் தெரிஞ்ச அளவுதான் இவளுக்கும் தெரியும். அது போதாது அண்ணாச்சி. எனக்குத் தெரியாதது நிறைய இருக்கு."

நானும் பாட்டியும் கதவுக்குப் பின்னால். தாத்தா ஆறிப்போன டீயைச் சார் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்த எடத்துக்குப் பக்கத்துல மாதா கோயில் இருக்கா? ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போக வரக் கிட்டத்துல இருக்கணும்" என்றார். சாருக்கு அது தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றவர், நிஜமாகவே விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அதற்குப் பிறகு தாத்தா மறுபேச்சுப் பேசவில்லை. பெட்டி வாங்க அவரே கடைத்தெருவுக்கு வந்தார்.

உன்னிடம் அந்தப் பெண்ணுக்காக நான் சிபாரிசு பண்ணுவதாக நினைக்காதே. அவளை நான் பார்த்தது கூட இல்லை. ஒருவேளை அவளுக்கு இந்த வேலை வராமலே போகலாம். ஆனால் அவள் கெடுத்த தட்டு எதனால் கெட்டது என்று அவளிடம் கேட்டாயா? அவள் என்ன நினைக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா? கேட்டுவிட்டு அவள் பதில் சொல்கிற வரைக்கும் பொறுத்திருந்தாயா? உனக்கு உன் அப்பாவின் பொறுமை கொஞ்சம், என் அவசரம் நிறைய. நீ மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் இருந்த பையனுக்கும் சேர்த்துப் படம் வரைந்து கொடுத்துவிட்டு வந்தவன். டீச்சர் அதைப் பாராட்டினார்கள், நானும்தான் பாராட்டினேன். அந்தப் பையன் வரையக் கற்றுக்கொண்டானா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கையில் திறமை இருக்கிறவர்களுக்கு இது ஒரு கஷ்டம். உன் கை நல்ல கை. பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை, நீ வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உன் பெயர் போட்ட கதவுக்குப் பின்னால் இனி உன் கை செய்வது மட்டும் வேலை இல்லை. உனக்கு நம்பிக்கை இல்லாத யோசனைக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வை. அது முதல் தடவை கெட்டுப்போனால், யோசனை கெட்டதா, கரண்ட் போனதா என்று பிரித்துப் பார். ஒருவரை நன்றாகத் தயார் செய்து முடித்த அன்றைக்கு, அவர் உனக்கு ரொம்ப வேண்டியவராக இருக்கும்போதே, வெளியே அனுப்பு. அது வலிக்கும். சார் என்னை அனுப்பிய பிறகு அந்த அறையில் ஒரு வருஷம் தனியாகத்தான் வேலை பார்த்தார். அப்புறம் இரண்டு புது மாணவர்கள் வந்தார்கள். அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

பம்பாயில் என் முதல் நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ரயிலில் வந்த களைப்பு, பாஷை தெரியாத ஊர், மாடி மாடியாக ஒரு கட்டடம். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி நரைத்த தலையை இறுக்கக் கொண்டை போட்ட ஒரு அம்மாள். என்னை வரச்சொல்லி, நிமிராமலே, "இங்கே நீ என்ன பார்க்க ஆசைப்படுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். வந்தவுடன் என்ன வேலை கொடுப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் என் வாய் தானாகத் திறந்தது. அந்தச் செல்கள் ஏன் தனித்தனியாகப் போகாமல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே நகர்கின்றன, எப்போது நிற்கின்றன, நிற்கச் சொல்வது எது என்று, தூத்துக்குடியில் எனக்கு விடை கிடைக்காத எல்லாவற்றையும், தப்பும் தவறுமான ஆங்கிலத்தில், நின்றுகொண்டே சொல்லிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்தினார்கள். பேனாவை மூடி வைத்தார்கள். எழுந்து போய் மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்கள். "உட்கார். மறுபடியும் சொல், முதலிலிருந்து" என்றார்கள்.

நல்லபடியாகப் போய் வேலையை ஆரம்பி, ராசா. மாதா துணை இருப்பாள்.

அன்புடன்,
அம்மா